மரை கழண்டவர்கள்

ஒருவனைப் பற்றி 'மரை கழண்டவன்' என்று ஆபீஸில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். பழைய பிரெஞ்சு ரேஸ் சைக்கிள் பைத்தியங்களிடம் அதையே சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ''எந்தப் பக்கம்? எத்தனை மில்லிமீட்டர்?'' என்று நோட்டுப் புத்தகத்தை எடுப்பார்கள்.

அடியேனும் அந்தக் கோஷ்டிதான். இந்த வியாதி எப்படித் தொற்றியது என்பது வேறொரு வாரத்துக்கான கதை. என்னிடம் சொந்தமாக ஒரு பிரெஞ்சு சைக்கிள்கூடக் கிடையாது. அதனால் என்ன? கல்யாணத் தரகர் பிரம்மச்சாரியாக இருக்கக் கூடாதா?

பழைய சைக்கிளில் முதலில் கண்ணில் படுவது பெயிண்ட்டும் ஸ்டிக்கரும். இரண்டையும் நம்பாதீர்கள். பெயிண்ட் அடிக்க ஒரு வார இறுதி போதும். 'பெஜோ' ஸ்டிக்கரைப் புத்தம்புதுசாக அச்சடித்தே விற்கிறார்கள். (ஆமாம், கார் செய்கிற அதே பெஜோதான். 1874-ல் மிளகு அரைக்கும் மில், 1882-ல் சைக்கிள், அப்புறம்தான் கார். சரியான வரிசை என்பது என் அபிப்பிராயம்.)

பெஜோவில் 1960, 70-களின் ராஜா, பி.எக்ஸ். 10. ரேஸ் வீரன் ஓட்டுகிற மாதிரியான வண்டி, காசு கொடுத்தால் உங்களுக்கும் எனக்கும். இதற்கு ஏழைத் தம்பி ஒருவன் உண்டு. பெயர் யு.ஓ. 8. அதே குடும்ப ஜாடை, அதே வளைந்த ஹாண்டில்பார். தம்பிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து அண்ணன் என்று விற்கிற ஆசாமிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

லியோன் நகரத்தில் வேலை பார்க்கும் என் சிநேகிதன் போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையிலிருந்து போன் பண்ணினான்.

''டேய், வெள்ளை பெஜோ ஒண்ணு நிக்குது. பி.எக்ஸ். 10-ங்கறான். நானூறு யூரோ. எடி மெர்க்ஸ் ஓட்டின மாடலாம்!''

நானூறு யூரோ என்பது அவன் ஊருக்கு வர டிக்கெட்டுக்காக எடுத்து வைத்திருந்த பணம். எனக்குத் தெரியும். அவன் அம்மாவுக்கும் தெரியும்.

மெர்க்ஸ் பெஜோ அணியில் இருந்தது 1966, 67 என்று இரண்டே சீசன்தான். சந்தையில் நிற்கிற எல்லா வெள்ளை பெஜோவும் அந்த இரண்டு வருஷத்திலேயே பிறந்ததாகக் கேள்வி.

''பிரேக்கு மஃபாக்குடா! ஒரிஜினல்!'' என்றான்.

மஃபாக் நல்ல பிரேக்தான். கிளெர்மோன்ஃபெரான் ஊர்க்காரர்கள் செய்தது. ஆனால் அண்ணனுக்கும் அதே பிரேக், தம்பிக்கும் அதே பிரேக். கியர் மாற்றுகிற ஸிம்ப்ளெக்ஸும் அப்படியே. பார்க்க வேண்டிய இடம் கீழே, பெடல் பக்கம்.

நம்ம ஊர் சைக்கிள் கடையில் சுத்தியலால் தட்டி இறக்குவார்களே, காட்டர் பின், அது கிராங்கில் இருந்தால் தம்பி. அண்ணனுக்குக் காட்டர் பின் கிடையாது. அலுமினியக் கிராங்க், ஸ்ட்ராங்லைட் என்று பெயர் பொறித்திருக்கும். காட்டர் பின் இல்லாத அலுமினியக் கிராங்கை 1933-லேயே கொண்டுவந்த கம்பெனி அது.

''ஸ்ட்ராங்லைட்னு இருக்கு. ஆனா நடுவுல ஓட்டைக்குள்ள மரையெல்லாம் வழுக்கிக் கிடக்குடா. வேணாம்னு வந்துடட்டுமா?''

''நில்லு!'' என்று கத்தினேன். பக்கத்து டேபிள்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

இங்கேதான் விஷயம். கிராங்கைக் கழற்ற ஒரு கருவியை மரையில் திருகி இழுக்க வேண்டும். உலகத்துக்கெல்லாம் 22 மில்லிமீட்டர் மரை. பிரான்ஸிலேயே டி.ஏ. என்ற கம்பெனிக்கு 23. பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35. டி.ஏ. கருவியை ஸ்ட்ராங்லைட்டில் திருகினால் உள்ளே போகும், பிடித்த மாதிரி நடிக்கும், இழுத்தால் மரையைச் சீவிக்கொண்டு வெளியே வரும். யாரோ ஒரு மெக்கானிக் அவசரத்தில் செய்த வேலை. மரை கழண்டதே, அது பழைய ஸ்ட்ராங்லைட் என்பதற்கு ஒரு தடயம்.

அடுத்து ஸீட்டுக் குழாய். வெளியளவு 28 மில்லிமீட்டர். இங்கிலீஷ்காரன் வைப்பது 28.6. பி.எக்ஸ். 10-ன் குழாய் ரெனால்ட்ஸ் 531, சன்னமான இங்கிலீஷ் எஃகு, பிரெஞ்சு அளவில் செய்தது. சுவர் சன்னம் என்பதால் உள்ளே பருமனான ஸீட் பில்லர் போகும், 26.4 போல. தம்பிக்கு 24 தான். ஸ்டிக்கர் மாற்றலாம், உள்ளளவை மாற்றுவதற்குப் புதுச் சைக்கிளே வாங்கிவிடலாம்.

அளந்தான். 26.4.

பெடலில் டி, ஜி என்று எழுத்து இருந்ததாம். பிரெஞ்சில் வலதுக்கு முதல் எழுத்து டி, இடதுக்கு ஜி. மரை 14 மில்லிமீட்டர். இங்கிலீஷ் பெடல் சேராது. பி.பி. கப் 35 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் ஒரே திசையில் இறுகும். இங்கிலீஷ்காரன் வலது பக்கத்தைத் தலைகீழாக வைத்ததற்குக் காரணம் உண்டு: ஓட்ட ஓட்ட அந்தப் பக்கம் தானாகக் கழன்றுவிடும். பிரெஞ்சுக்காரர்கள் அதை உணர்ந்து மாற 1980-கள் வரை ஆயிற்று. சுயமரியாதை!

''எல்லாம் சரி. கியர்தான் ஸன்டூர்னு போட்டிருக்கு. ஜப்பான்.''

ஒரு மார்க் குறையும், அவ்வளவுதான். 1962-ல் ஸிம்ப்ளெக்ஸ் தன் கியரை டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்ய ஆரம்பித்தது. வருஷமானால் விரிசல் விடும். சைக்கிளை நிஜமாக ஓட்டியவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் சாமானைப் போட்டார்கள். இன்று சேகரிப்பவர்கள் தேடுவது எறிந்ததைத்தான். முழுசாக எல்லாமே ஒரிஜினலாக ஒரு வண்டி கண்ணெதிரே நின்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒன்று அது ஓடவே இல்லை, அல்லது போன வாரம் சேர்த்துப் பூட்டியது.

வழுக்கிய மரையைக் காட்டி, முகத்தைத் தொங்கப் போட்டு, இருநூற்றெண்பதுக்கு முடித்தான். டிக்கெட்டுக்கு மீதி நூற்றிருபது. அம்மாவிடம் அவனே பேசிக்கொள்ளட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். இந்த வண்டிகளில் ஹாண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் பெரும்பாலும் ஏ.வி.ஏ. கம்பெனி. அலுமினியம். இறுக்குவதற்காக அடி முனையில் வெட்டு விட்டிருப்பார்கள். அந்த வெட்டிலிருந்து விரிசல் மேலே ஏறும். ஒருநாள் இறக்கத்தில் ஹாண்டில்பார் மட்டும் கையோடு வரும். சேகரிப்பவர்களே அதற்கு வைத்த பெயர் மரண ஸ்டெம். மாற்றலாம் என்றால் பிரெஞ்சு அளவு 22.0, மற்றவர்கள் அளவு 22.2. வித்தியாசம் டைப் பேப்பர் இரண்டு தாள் கனம். ஆனாலும் நுழையாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நுழைப்பார்கள், அல்லது 22.0-ல் வேறு நல்ல ஸ்டெம்மாகத் தேடுவார்கள்.

''ஒரிஜினலைப் போய்க் கழட்டச் சொல்றியே?'' என்கிறான் சிநேகிதன். கழற்றி, துடைத்து, அடி முனையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தலைமுடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தால் குப்பைக்கு. தெரியாவிட்டால் அலமாரிக்கு. சைக்கிளுக்குத் திரும்பப் போகக் கூடாது.