கடைப் பளபளப்பு வீட்டுக்கு ஆகாது

கேம் விளையாட, கடையில் பளபளக்கும் டிவியின் 'விவிட்' பட முறையே சிறந்தது, அதுவும் கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற வெயில் மிகுந்த ஊர்களில் வேறு வழியில்லை என்பது ஒரு வாதம். பாதி சரி. வெளிச்சமான அறைக்குக் கூடுதல் ஒளி வேண்டும்தான். அதை பேக்லைட்டில் ஏற்றிக்கொள்ளலாம். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' மாற்றுவது கறுப்பின் அளவைத்தான். அதை ஏற்றினால் இருட்டு சாம்பலாக வெளுக்கும்.

விவிட் முறை வெள்ளையை 6,500 கெல்வின் தரத்திலிருந்து விலக்கி நீலமாக்குகிறது. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் காவியை ரசிக்கும் ஊருக்கு இந்த நீலம் எப்படிப் பிடிக்கிறதோ! போதாக்குறைக்கு, அதன் படச் செயலாக்கம் பொத்தானை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் இடையே தாமதத்தைக் கூட்டுகிறது. 'கேம்' முறை அதைக் குறைக்கிறது, ஹெச்டிஎம்ஐ 2.1 வசதியுள்ள பல டிவிகள் கன்சோலை இயக்கியதும் தாமாகவே அதற்கு மாறுகின்றன.

இருளில் எதிரி தெரியவில்லை என்ற புகாருக்கும் விவிட் மருந்தல்ல. கன்சோல் ஒளி அளவை 0–255 வீச்சில் அனுப்ப, டிவி 16–235 என்று எடுத்துக்கொண்டால் நிழல் விவரம் கறுப்பில் அமிழ்ந்துவிடும். இரண்டின் வீச்சையும் ஒன்றாக வைத்தபின், எச்டிஆர் அளவைக் கன்சோலின் அமைப்புத் திரையில் சரிசெய்ய வேண்டும்.