கீழ்வேளூர்த் திடலும் தில்லியின் ஒன்பதாம் அட்டவணையும்

கீழ்வேளூர் வட்டாரத்தின் நிலச் சீர்திருத்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சென்னைக் கோட்டையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் திடல். மிராசுதாரரின் நன்செய்க்கு நடுவே சற்றே மேடான ஒரு துண்டு. அதில் பண்ணையாட்களின் குடிசைகள். கட்டிய மூங்கிலும் வேய்ந்த கீற்றும் பண்ணையாளுடையவை. அவை நின்ற மண் ஆண்டையுடையது. வாசலை விட்டு இறங்கினால் மிதிப்பது அவர் வரப்பு. கூலி போதவில்லை என்று வாய் திறந்த குடும்பத்தை அன்றைக்கே கிளம்பச் சொல்லலாம். சவுக்கடி, சாணிப்பால் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்தக் கொடுமைகள் அத்தனை காலம் நீடிக்க இந்த மண்ணுரிமைதான் துணை நின்றது என்பதைக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

1948இல் சென்னை மாகாணம் ஜமீன்களை ஒழித்தபோது தஞ்சை வயல்களில் பெரிதாக எதுவும் அசையவில்லை. இங்கே பெரும்பாலும் ரயத்துவாரி. ஒழிப்பதற்கு ஜமீன் இல்லை, மிராசு இருந்தது. அசைத்தது செங்கொடிச் சங்கம். 1943இல் தென்பறையில் பி. சீனிவாசராவ் ஊன்றிய கொடி கீழத்தஞ்சை முழுக்கப் பரவிய பிறகுதான் சட்டம் பின்னாலேயே வந்தது. 1952 ஆகஸ்டில் முதலமைச்சர் ராஜாஜி தஞ்சை மாவட்டத்துக்கென்றே ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றே குறைவான அளவுக்கு மேல் வைத்திருப்பவர், குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்றது அது. மிராசுதாரர்கள் வழி கண்டுபிடித்தார்கள். பாதுகாப்பு பண்ணையாளுக்குத்தானே? பண்ணையாட்களைத் தினக்கூலிகளாக்கிவிட்டால் சட்டம் தொடாது. பலர் அப்படியே செய்தார்கள்.

அடுத்தது 1961இன் நில உச்சவரம்புச் சட்டம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். நிலம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். சட்டசபைக்கு முழு அதிகாரம் உண்டு. ஆனால் சொத்துரிமை அப்போது அடிப்படை உரிமை. ஜமீன் ஒழிப்பைக் காப்பாற்ற 1951இல் அரசமைப்பில் சேர்த்த காப்பு, ரயத்துவாரி நிலத்துக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சென்னை மாநிலத்தின் சட்டத்தை ரத்து செய்தது. குடும்பம் என்பதற்குச் சட்டம் தந்த வரையறையும், நிலம் கூடக்கூட இழப்பீட்டைக் குறைத்த முறையும் சமத்துவத்துக்கு எதிரானவை என்பது காரணம். அந்த வாதத்தில் சட்ட நியாயம் இல்லாமல் இல்லை. மூன்றே மாதத்தில் நாடாளுமன்றம் 17ஆம் திருத்தத்தை நிறைவேற்றி, ரயத்துவாரி நிலத்தையும் காப்புக்குள் கொண்டுவந்தது. சென்னைச் சட்டத்தை, அடிப்படை உரிமை மீறல் என்று நீதிமன்றம் தொட முடியாத ஒன்பதாம் அட்டவணையில் ஏற்றி உயிர்ப்பித்தது. மாநில உரிமைக்கு எப்போதும் எதிரி தில்லிதான் என்ற நம் பழகிய கணக்கு இங்கே பொருந்தவில்லை. மாநிலம் எழுதிய சீர்திருத்தத்தை அன்று தில்லிதான் தூக்கி நிறுத்தியது.

அந்தத் திருத்தத்தைத் தனிமனித சுதந்திரத்தின் பெயரால் கடுமையாக எதிர்த்தது ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி. 1952இல் பண்ணையாளைக் காக்க அவசரச் சட்டம் போட்ட அதே ராஜாஜி. இதை வெறும் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிட மாட்டேன். நீதிமன்றம் தொட முடியாத ஒரு பெட்டகத்தை அரசுக்குக் கொடுத்தால், அதில் நாளைக்கு எதை வைத்துப் பூட்டுவார்கள் என்பது நியாயமான அச்சம். 1975இல் நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றி மனிதர்களைச் சிறையிலடைத்த மிசா சட்டமும் அதே ஒன்பதாம் அட்டவணைக்குள்தான் போய் உட்கார்ந்தது. 44ஆம் திருத்தம் பிறகு அதை நீக்கியது. ராஜாஜியின் அச்சம் பலித்தது. ஆனால் தஞ்சை வயலில் யாருடைய சுதந்திரம் பறிபோய்க்கொண்டிருந்தது என்ற கேள்வியில் அவர் கட்சி தவறான பக்கம் நின்றது. நிலம் வைத்திருப்பவரின் சுதந்திரத்துக்காக வழக்காட வக்கீல்கள் இருந்தார்கள். திடலில் இருந்தவனின் சுதந்திரம் எந்த மனுவிலும் ஏறவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசையோடு எரிக்கப்பட்ட 44 பேரும் கேட்டது உச்சவரம்பு நிலம் அல்ல. கூடுதலாக அரைப்படி நெல்லும், சங்கத்தில் இருக்கும் உரிமையும்தான். சங்கம் சேரும் உரிமை அரசமைப்பின் 19ஆம் பிரிவில் எழுதப்பட்ட சுதந்திரம். சொத்துரிமைக்காகத் தில்லிவரை போன சட்ட உலகம், இந்த உரிமைக்காக வெண்மணிக்கு வந்து சேரவில்லை. நாகை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

அதன் பிறகுதான் மாநிலம் விரைந்தது. 1969இல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம். 1970இல் உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைந்தது. இவற்றைவிடப் பெரியதாக நான் மதிப்பது, அதிகம் பேசப்படாத 1971ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது அது. உழுவதற்கு ஒரு குழி நிலம்கூட அது தரவில்லை. ஆனால் முருங்கை நட்ட வாசலும் அடுப்பு வைத்த மூலையும் தன்னுடையவை என்றானதும், கூலி பேசப் போனவன் வீடு திரும்ப இடமிருக்குமா என்று யோசிக்க வேண்டியதில்லை. தனிமனித சுதந்திரம் கீழ்வேளூருக்கு வந்தது மாநிலச் சட்டத்தின் வழியாகத்தான். இன்னொருவரின் சொத்துரிமையை வெட்டித்தான்.

2007இல் கூடலூர் ஜன்மம் நிலங்கள் தொடர்பான வழக்கில், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணையில் ஏற்றிய எந்தச் சட்டமும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்கு உட்பட்டதா என்று சோதிக்கப்படும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிசாவை நினைப்பவர்கள் இதை வரவேற்க வேண்டும். நானும் வரவேற்கிறேன். இனி மாநிலம் தில்லியின் பெட்டகத்தை நம்பாமல், நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சட்டத்தைக் கவனமாக எழுத வேண்டும்.

எழுத வேண்டிய சட்டமும் கண்முன்னே இருக்கிறது. உச்சவரம்பு கோயில், மட நிலங்களைத் தொடவில்லை. டெல்டாவில் அவை கணிசம். தலைமுறைகளாகக் கோயில் மனையில் குடியிருந்து, இன்னமும் பட்டா கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். கோயிலுக்கு உரிய விலையை அரசே கொடுத்து அந்த மனைகளைக் குடியிருப்போர் பெயருக்கு மாற்றுவதற்கு, தில்லியில் அரசமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை. சென்னையில் ஒரு மசோதாவும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகையும் போதும்.