சக்கர வீடு கட்டும் முன் கோலமாவை எடுங்க!

"தம்பி, பெரிசா போடலாமா, சின்னதா போடலாமா?"

உத்திரமேரூர் பஸ் நிலையம் பக்கம் டீக்கடையில் ஒரு வேன்காரர் என்னிடம் கேட்ட கேள்வி இது. போண்டா விஷயம் என்று நினைத்து விடாதீர்கள். வீட்டு விஷயம். அதுவும் ஓடுகிற வீடு!

ரொம்ப வருஷமாக சபரிமலைக்கும் திருப்பதிக்கும் வேன் ஓட்டுகிறவர் அவர். இப்போது சீட்டை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் வைத்து "கேரவன்" ஆக்கி வாடகைக்கு விடப் போகிறாராம். ஷூட்டிங்கில் சினிமா நட்சத்திரங்கள் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. சட்டைப் பையில் பட்டறைக்குக் கொடுக்க அட்வான்ஸ் பணம். வீட்டுக்கார அம்மாவின் வளையல் அடகுக் கடையில்!

அவர் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் "பெரிசா, சின்னதா" என்று கேட்பது தப்பு. எங்கே போகும்? எத்தனை பேர் படுப்பார்கள்? தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவார்கள்? இந்த மூன்றையும் முதலில் கேட்டால், அளவு தானாக வந்து நிற்கும்.

தெருவைப் பாருங்க

சட்டப்படி பஸ் மாதிரி வண்டி 2.6 மீட்டர் அகலம் இருக்கலாம். அதாவது எட்டரை அடி. நீளம் 12 மீட்டர்கூட இருக்கலாம். கிட்டத்தட்ட 40 அடி!

நெடுஞ்சாலையில் அது ராஜா. அதே வண்டியை உத்திரமேரூர் கோயில் தெருவுக்குள் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் காய்கறித் தள்ளுவண்டி, இன்னொரு பக்கம் வரிசையாக பைக். எதிரே ஒரு டவுன் பஸ். தலைக்கு மேலே தொங்குகிற ஒயர். அவ்வளவுதான்! முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. பின்னால் நிற்கும் ஆம்புலன்சுக்கு யார் பதில் சொல்வது?

கல்வெட்டு பார்க்கவும், வேடந்தாங்கலில் பறவை பார்க்கவும் வருகிறவர்களுக்கு வேன் அளவு போதும். அதற்கு மேல் போனால் வண்டி ஒரு ஊரில் நிற்கும், பார்க்க வேண்டிய இடம் வேறு ஊரில் இருக்கும்.

படுத்துப் பாருங்க

உட்காருகிற கணக்கு வேறு, படுக்கிற கணக்கு வேறு. 12 பேர் உட்காரும் வேனில் அடுப்பும் கக்கூசும் வைத்த பிறகு 4 பேர் நிம்மதியாகப் படுத்தாலே பெரிய காரியம். வெளியே ஆறரை அடி அகலம் தெரிகிற வண்டி, தகடும் பிளைவுட்டும் போக உள்ளே ஆறடிதான் நிற்கும். உயரமான ஆள் குறுக்கே படுத்தால் காலை மடக்க வேண்டும். நீளவாக்கில் கட்டில் போட்டால் நடக்கிற வழி போச்சு.

இதற்குப் பட்டறைக்காரர் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். வாசலைப் பெருக்குங்கள். வண்டியின் உள் அளவை கோலமாவில் கோடு போடுங்கள். கட்டில் இங்கே, அடுப்பு இங்கே, கக்கூஸ் இங்கே என்று கட்டம் கட்டுங்கள். வீட்டில் உள்ளவர்களை உள்ளே படுக்கச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு ஆள் எழுந்தால் எத்தனை பேரை மிதிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்! செலவு ஒரு டம்ளர் மாவு.

இடம் சின்னதாக இருந்தால் வாழ முடியாதா? முடியும். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர் அருண் பிரபு, 2019-ல் ஒரு ஆட்டோ மேலேயே வீடு கட்டிக் காட்டினார். ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 சதுர அடி. செலவு சுமார் 1 லட்சம் ரூபாய். அதற்குள் சமையல் இடம், படுக்கை, குளியலறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி! இடத்தைவிட யோசனைதான் முக்கியம் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் ஒன்று. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 250 லிட்டர் என்றால் கால் டன்! இரண்டரை மூட்டை நெல் இல்லை, அதற்கும் மேலே. அதைக் கூரையில் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும். கீழே, சக்கர அச்சுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். அடுப்பும் அலமாரியும் பேட்டரியும் ஒரே பக்கம் குவிந்தாலும் ஆபத்துதான்.

உயிர் போன கதை

இனி சொல்லப் போவதுதான் முக்கியம். குற்றச் செய்தி எழுதுகிறவன் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

2023 ஆகஸ்ட் 26. மதுரை. லக்னோவில் இருந்து சுற்றுலா வந்தவர்களின் தனி ரயில் பெட்டி நின்று கொண்டிருந்தது. சட்ட விரோதமாக உள்ளே கொண்டு வந்த கேஸ் சிலிண்டரால் விடியற்காலையில் தீ! 9 பேர் பலி.

2024 டிசம்பர். கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம் வடகரை. ரோட்டோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். ரத்தம் இல்லை, காயம் இல்லை. ஏ.சி.க்காக ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. அதன் விஷப் புகை, கார்பன் மோனாக்சைடு, உள்ளே புகுந்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. அந்தப் புகைக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது!

ஆகவே ஜெனரேட்டரை ஆள் படுக்கிற பெட்டிக்குள்ளோ, கட்டிலுக்கு அடியிலோ வைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். எனவே சிலிண்டர் வைக்கிற இடத்துக்குத் தரை மட்டத்தில் வெளியே ஓட்டை வேண்டும். அடுப்பை ஒரே கதவின் பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டிலைக் கடைசியில் போட்டால் அது வீடு அல்ல, பொறி! படுக்கைப் பக்கம் இன்னொரு கதவு, இல்லாவிட்டால் ஆள் நுழைகிற ஜன்னல் கட்டாயம் வேண்டும். அதனால் ஒரு அலமாரி குறைந்தால் குறையட்டும்.

சட்டம் சும்மா விடாது

வண்டி என்னுடையது, எப்படி வேண்டுமானாலும் மாற்றுவேன் என்று சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றினால், 2019 திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தர விதியே இருக்கிறது. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம்தான் வெல்டிங் பட்டறை. தலைகீழாகச் செய்தால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான்.

எடையிலும் கவனம் வேண்டும். ஆட்களும் தண்ணீரும் சாமானும் சேர்ந்து மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டுகிற வண்டிக்கு, கார் ஓட்டுகிற சாதாரண லைசென்ஸ் செல்லாது.

அரசுக்கு ஒரு வார்த்தை

வண்டிக்காரரை மட்டும் மிரட்டினால் போதாது. கக்கூஸ் தொட்டியை எங்கே காலி செய்வது? இடம் காட்டாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில்தான் திறந்து விடுவார்கள். அந்த ஏரியை நம்பித்தான் நம்ம ஊர் வயல் இருக்கிறது!

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கு என்று கொள்கை போட்டது. மறு வருஷம் வாகமனில் கேரவன் பூங்காவும் திறந்தது. உத்திரமேரூருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஊருக்கு வெளியே நாலு வண்டி நிற்க இடம், ஒரு குழாய், ஒரு விளக்கு, கழிவை இறக்க மூடிய தொட்டி. இதைச் செய்து கொடுத்து வாடகை வாங்கினால் பேரூராட்சிக்கும் வருமானம்தானே?

கடைசியில் என்ன ஆச்சு?

வேன்காரர் அன்று சாயங்காலமே கோலமாவைக் கையில் எடுத்தார். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கட்டத்துக்குள் படுத்தார். சின்னவன் கால் கக்கூஸ் கட்டத்துக்குள் போய்விட்டது! தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அட்வான்சைக் கொடுக்கவில்லை. "நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்க் கேட்டுட்டு வந்துடறேன் தம்பி" என்றார்.

இந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கி.பி. 921-ல் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. குடவோலையில் பேர் எழுத வேண்டுமானால், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்று அதில் விதி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மனை பார்த்து வீடு கட்டினார்கள். இப்போது வீடே மனையைத் தேடி ஓடுகிறது.

ஓடட்டும். ஆனால் அளந்துவிட்டு ஓடட்டும். அடகில் இருக்கிற வளையல் வீடு திரும்ப வேண்டாமா?