வன்னியின் நிருபர் எங்கே?

நூறாண்டுக்கு முந்திய போரொன்றின் கதையை 2015 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி நாடகமாக்கிக் காட்டியது. ‘டெட்லைன் கலிப்பொலி’ என்பது அதன் பெயர். அதன் நாயகர் போர்வீரர் அல்லர். 1915 இல் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் நிகழ்ந்த சமரை எழுதச் சென்ற பத்திரிகை நிருபர் நால்வர்.

படைத்தலைமையின் தணிக்கை அவர்களுடைய செய்திகளை வெட்டிச் சிதைத்தது. பிரித்தானியப் பிரதமருக்கு ஆஷ்மீட் பார்ட்லெட் எழுதிய கடிதத்தைக் கீத் மேர்டொக் மறைவாக எடுத்துச் சென்றார். மார்செய் துறைமுகத்தில் அது பறிக்கப்பட்டது. மேர்டொக் சளைத்தாரில்லை. ஏறத்தாழ 8,000 சொற்களில் தாமே ஒரு கடிதம் வரைந்து அவுஸ்திரேலியப் பிரதமருக்கு அனுப்பினார். சில வாரங்களில் தளபதி ஹமில்ற்றன் திருப்பி அழைக்கப்பட்டார்; டிசம்பரில் படைகள் அக்கரையை விட்டு வெளியேறத் தொடங்கின.

எனினும் எம் நெஞ்சில் நிற்பவர் மேர்டொக் அல்லர். அவர் களத்தில் நின்றது சில நாட்களே. காலில் குண்டடிபட்ட பின்னரும் களத்தை விட்டகல மறுத்த சார்ள்ஸ் பீன் என்பாரையே நாம் எண்ணுகின்றோம். அவர் நாள்தோறும் எழுதிய குறிப்பேடுகள், நூற்றுக்கணக்கானவை, இன்றும் கன்பராவிலுள்ள போர் நினைவகத்திற் பேணப்படுகின்றன. ஏடு இருந்தது, ஆகவே நூறாண்டு கழிந்தும் அக்காலத்தை மீட்டெடுக்க முடிந்தது.

எமது வன்னிக்கு இத்தகைய கதை இல்லையா?

இருக்கின்றது; ஆனால் பிறர் கண்ணூடாகவே அது திரைக்கு வந்தது. லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ நிருபர் மேரி கொல்வின் 2001 ஏப்ரலில் அரசின் தடையை மீறி வன்னிக்குள் வந்தார். எரிபொருளும் பசளையும் மருந்தும் தடுக்கப்பட்டிருந்த மண்ணில் மக்கள் படும் பாட்டைக் கண்டெழுதினார். இரவில் வன்னியிலிருந்து வெளியேறுகையில் இராணுவத்தின் தாக்குதலில் இடக்கண்ணை இழந்தார். 2012 பெப்ரவரியில் சிரியாவில் கொல்லப்பட்டார். அவர் வாழ்வைக் கூறும் ‘எ பிரைவேட் வோர்’ என்னும் திரைப்படம் 2018 இல் வெளிவந்தது. அதில் வன்னி வந்து போவது சிறிது நேரமே. அப்பெண்மணிக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். அவர் கதையில் நாம் ஓர் அத்தியாயமாக அமைந்தது அவர் குற்றமன்று.

குற்றம் எம்முடையது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளரும் கிளிநொச்சியை விட்டு அகற்றப்பட்டனர். அதன்பின் 2009 மே 18 வரை அந்நிலத்தில் நிகழ்ந்தவற்றை உள்ளிருந்து எழுதியவர் யார்? இம்மண்ணின் தமிழ் நிருபர்களே. எறிகணைக்கு அஞ்சி ஓடிய மக்களோடு தாமும் ஓடியவாறே அவர்கள் எழுதினர். அவர்களுள் ஒருவரான பு. சத்தியமூர்த்தி 2009 பெப்ரவரி 12 அன்று முல்லைத்தீவு மாவட்டத்தில் எறிகணை வீச்சில் மாண்டார். எத்தனை குறிப்புப் புத்தகங்கள் முள்ளிவாய்க்கால் மணலிற் புதைந்தனவோ! எத்தனை ஏடுகளை உரிமையாளரே அச்சத்தால் எரித்தனரோ!

ஒன்றை மறையாது கூறுவோம். வன்னியில் அக்காலம் வெளிவந்த ஏடுகள் புலிகளின் ஆட்சிக்குட்பட்டே வெளிவந்தன. கட்டாய ஆட்சேர்ப்பையும், வெளியேற முனைந்த மக்கள் தடுக்கப்பட்டதையும் அவற்றில் தேடிப் பயனில்லை. கொழும்பின் தணிக்கை ஒருபுறம், வன்னியின் மௌனம் மறுபுறம். அந்நிருபர் அச்சேற்றியது எது, அச்சேற்ற இயலாது நெஞ்சிற் சுமந்தது எது என்பதை உயிரோடிருக்கும் அவரே சொல்லவேண்டும். நாடகத்திற்குரிய பொருளும் அதுவேயன்றோ? வீரவசனம் எழுத எவராலும் முடியும். இந்த இடர்ப்பாட்டை எழுதுவதே அரிது.

நாடகம் பின்னர் வரட்டும். முதலிற் பதிவு வேண்டும். அந்த நிருபர்களுட் பலர் கடல்கடந்து வாழ்கின்றனர். ஆண்டுதோறும் முதுமை எய்துகின்றனர். பஞ்சத்திலும் விதைநெல்லைக் குற்றாதவன் எம் கமக்காரன். அவன் வீட்டுப் பெட்டியடியில் பழைய பத்திரிகைத் தாளொன்று இருக்குமாயின், அதுவும் விதைநெல்லே. ஆசிரியர்கள் அவற்றைத் தேடி ஊரூராகச் செல்லவேண்டும். சட்டத்தரணிகள், தருவோருக்கு இடையூறு நேராவண்ணம் வழிகாட்டவேண்டும். ஈழத்து ஏடுகளை மின்வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் ஏற்கெனவே உள. மூலத்தாளை உரிமையாளரிடமே திருப்பிக் கொடுத்துப் படியை மட்டும் பெறலாம். பெயர் வெளிவர விரும்பாதவரின் பெயரை எக்காரணங் கொண்டும் வெளியிடலாகாது.