வட்டம் போட்டது யார்?

சென்ற வாரம் என் தம்பி ஒரு காணொளியைக் காட்டினான். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஒரு கோதுமை வயல். அதன் நடுவே கவராயம் வைத்து வரைந்ததுபோல் பெரிய வட்டங்கள். "அக்கா, ஒரே ராத்திரியில மனுஷனால இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டான். முடியாது என்றுதான் எனக்கும் தோன்றியது. தோன்றியதை அப்படியே சொல்லிவிடாமல் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

1980களில் தென் இங்கிலாந்தின் வயல்களில் இத்தகைய பயிர் வட்டங்கள் அடிக்கடி தோன்றின. பேட் டெல்காடோ என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் அவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வயல் வயலாகச் சென்று அளந்தார். 1989இல் ஒரு நண்பருடன் சேர்ந்து நூலும் வெளியிட்டார். இது மனித வேலை அல்ல, நாம் அறியாத ஏதோ ஒரு சக்தியின் வேலை என்பது அவர் முடிவு.

1991 செப்டம்பரில் 'டுடே' என்ற நாளிதழ் உண்மையை உடைத்தது. சவுதாம்ப்டனைச் சேர்ந்த டக் பவர், டேவ் சோர்லி என்னும் இரு நண்பர்கள், 1970களின் பிற்பகுதியிலிருந்து தாங்கள்தான் வட்டம் போட்டு வந்ததாக ஒப்புக்கொண்டனர். இருவருக்குமே அறுபது வயதுக்கு மேல். அவர்களின் கருவிகள் ஒரு பலகை, கயிறு, நேராக நடப்பதற்குக் குறிபார்க்கத் தொப்பியில் மாட்டிய கம்பி வளையம். அவ்வளவுதான்! இரவில் கார் இவ்வளவு தூரம் ஓடுகிறதே என்று பவரின் மனைவி சந்தேகப்பட்டதால், அவரிடம் மட்டும் முன்பே உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்நாளிதழின் ஏற்பாட்டில் அவர்கள் போட்ட ஒரு வட்டத்தை டெல்காடோ பார்வையிட்டார். மனிதரால் இதைச் செய்திருக்க முடியாது என்றார். உண்மை தெரிந்ததும் தாம் ஏமாந்ததை ஒப்புக்கொண்டார்.

அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால், அவர் சோம்பேறி அல்ல. நம்மில் பலரைவிட அதிகம் உழைத்தவர். அவர் செய்யாதது ஒன்றுதான். ஒரு பலகையும் கயிறும் கொடுத்தால் மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று முதலில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அறிவியல் பேசியவர்களும் தப்பவில்லை. வட்டங்களுக்குச் சுழல்காற்றே காரணம் என்றார் டெரன்ஸ் மீடன் என்ற வானிலை ஆய்வாளர். அதைக் கேள்விப்பட்ட அந்த நண்பர்கள், காற்றால் போட முடியாத நேர்க்கோடுகளையும் சேர்த்துப் போட்டார்கள். வடிவங்கள் சிக்கலாக ஆக, மீடனின் கோட்பாடும் அவற்றுக்கு ஏற்ப நீண்டுகொண்டே போனது. எதையும் விளக்கிவிடும் கோட்பாடு உண்மையில் எதையும் விளக்குவதில்லை.

நமக்கு அருகிலும் இது நடந்திருக்கிறது. 2011 ஜனவரியில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா அருகே, ஸ்லெமான் வட்டார நெல் வயலில் ஒரு வட்டம் தோன்றியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது. அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமான லாப்பான், அது மனிதர் செய்ததே என்று தெரிவித்தது. எந்த நாடாக இருந்தாலும், சாய்ந்த பயிரின் நட்டம் விவசாயிக்குத்தான்.

இதையெல்லாம் படித்தபோது என் மனம் உறுத்தியது. கடந்த பருவத்தில் ஓர் இடுபணிக்கு முடிவுரையைத்தான் நான் முதலில் எழுதினேன். பிறகு அதற்குப் பொருந்தும் கட்டுரைகளை மட்டும் தேடினேன். பொருந்தாத இரண்டைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டேன். நல்ல மதிப்பெண்கூடக் கிடைத்தது. டெல்காடோவுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவர் தம் தவற்றை ஊரறிய ஒப்புக்கொண்டார். நான் இப்போதுதான் சொல்கிறேன்.

மாணவர்களாகிய நாம் ஆய்வு என்றாலே ஆதாரம் திரட்டுவது என்று நினைக்கிறோம். ஆதாரம் திரட்டுவது பாதி வேலைதான். "நான் நினைப்பது தவறாக இருந்தால், அது எனக்கு எப்படித் தெரியவரும்?" என்று கேட்பது மீதிப் பாதி. இடுபணிக்கும் இது பொருந்தும். புலனத்தில் வரும் செய்திக்கும் பொருந்தும்.

தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டேன்: "முடியும்டா. ரெண்டு பேரு, ஒரு பலகை, ஒரு கயிறு போதும்." அவன் உடனே கேட்டான்: "நீ செஞ்சு பாத்தியா?"

சரியான கேள்வி.