குடக்கூலியும் முதுமையும்

வீட்டு வாடகைக்குக் ‘குடக்கூலி’ என்றொரு பழைய பெயர் உண்டு. அச்சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கூலி கொடுத்துக் குடியிருப்பவரின் நிலையாமை மறையவில்லை. அதை முதுமையில் சுமப்பவர்களுக்கு அரசு செய்ய வேண்டியது ஒன்று எஞ்சியிருக்கிறது என்பதே என் வாதம்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நிலவியது. அதன் நிழலில் காக்கப்பட்ட ஏழைக் குடும்பங்களும் உண்டு. சொற்ப வாடகையால் பராமரிப்பின்றிச் சிதைந்த கட்டடங்களும் உண்டு. அதற்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவாக வேண்டும் என்கிறது அச்சட்டம். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்துக் குடியிருப்பவரை நெருக்கக் கூடாது என்கிறது. வழக்குகளை விசாரிக்கத் தனி வாடகை நீதிமன்றங்களையும் தந்திருக்கிறது. ஏட்டளவில் இவை நல்ல ஏற்பாடுகளே.

ஆனால், வாய்ச்சொல்லை நம்பி முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் குடியிருந்த மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். கணவர் காலத்தில் கொடுத்த அட்வான்சுக்கு ரசீது இல்லை. எழுதிய ஒப்பந்தமும் இல்லை. புதிய சட்டப்படி, ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே அவரை வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாகிவிடும். பதிவோ இணையவழியில். இப்படி ஒரு சட்டம் இருப்பதையே வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் அவர் அறிய நேரும். நீதிமன்றம் இருக்கிறது, அதற்கு முன்னால் அமர்த்தி, பொறுமையாக விளக்கிச் சொல்ல ஆள் இல்லை.

எதுவுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அளிக்கிறது. அதற்கான தொலைபேசி எண் 15100. முதியோர் உதவி எண் 14567. எனினும் இவை எல்லா வகைத் துயருக்கும் பொதுவான வாசல்கள். வாடகைச் சட்டத்தை மட்டுமே அறிந்து, நோட்டீசுக்குப் பதில் எழுதித் தரும் மேசை ஒன்று வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முன்பணம் நான்கு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. அது வீட்டுக்காரரிடம் தங்குவதில்லை. அரசு வாரியத்திடம் செலுத்தப்படுகிறது. அதில் சேரும் வட்டியின் ஒரு பகுதி, குடியிருப்போருக்கான இலவச ஆலோசனை மையங்களை நடத்தப் பயன்படுகிறது. இங்கே, வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகையே முன்பணத்தின் உச்சவரம்பு. ஆயினும் பத்து மாத வாடகையைக் கேட்டு வாங்கும் சென்னை வழக்கத்தை நாம் அறிவோம். அத்தொகையின் வட்டி, கொடுத்தவருக்கும் பயன்படுவதில்லை, பொதுவுக்கும் பயன்படுவதில்லை. அதில் சிறு பகுதியேனும் பொது நிதிக்கு வந்தால், வட்டந்தோறும் ஓர் ஆலோசகரை அமர்த்த வழி பிறக்கும்.

வீட்டுக்காரர்களிலும் வாடகையை நம்பி வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த மேசை பகையன்று. பேசித் தீர்க்கக்கூடிய பிணக்கு நீதிமன்றம் ஏறினால் நஷ்டம் இருவருக்குமே. உரிமையைச் சட்டமாக எழுதியதோடு அரசின் கடமை முடிந்துவிடவில்லை. அதை உரியவரின் காதில் விழச்செய்வதும் அரசின் கடமைதான்.