தலைமுடிக்கும் தவணைக் கடனா?

பொன்மலை ஒர்க்‌ஷாப் தோழர்களே! லால்குடி வயல் தோழர்களே! வழுக்கையில் முடி நட்டுத் தருகிறோம், தவணையில் கட்டலாம் என்கிறார்களே, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் விஷயத்தைக் கேளுங்கள்.

இது புது முடியை உண்டாக்கும் வித்தையல்ல. பின்னந்தலை முடியை வேரோடு எடுத்து முன்னே நடுகிறார்கள், நாற்று நடவேதான். நாற்றங்காலில் இருப்பதற்கு மேல் நட முடியுமா? நட்டது பெரும்பாலும் சில வாரங்களில் உதிரும். பயப்பட வேண்டாம், வேர் உள்ளே இருக்கும். 3, 4 மாதங்களில் முளைக்கும். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய ஒரு வருஷம். (சமயபுரத்தில் மொட்டை போட்டவர் அதற்குள் பலமுறை முடி வெட்டியிருப்பார்!) சுற்றியுள்ள பழைய முடியோ தொடர்ந்து கொட்டலாம்.

வெயிலில் பாரம் தூக்குகிறவர் சில நாட்களாவது வேலைக்குப் போகக் கூடாது. அந்தக் கூலி நஷ்டத்தை எந்த விளம்பரம் கணக்கில் சேர்க்கிறது?

2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் பின் ஒரு மருத்துவ மாணவரே மாண்டார். அழகு நிலைய லைசென்ஸில் அங்கே அறுவை நடந்தது என்பது பிறகுதான் வெளிவந்தது. தகுதி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், வீடியோ பார்த்துக் கற்றவர் தொடக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் சொன்னதோ 2022-ல்!

கத்தி பிடிப்பவர் யார், மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை பக்கத்தில் இருப்பாரா என்று கேளுங்கள். மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.